டிரையருக்குப் பின்னால் ஓடும் குழாய்

துணி உலர்த்தும் டிரையரில் துண்டும் ஜீன்ஸும் ஒரே சுற்றில் காயவில்லை என்று சொன்னால் போதும், "டிரையர் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். இங்கே நியூஜெர்சியில் எங்கள் டவுன்ஹவுஸுக்கு வந்துபோகிற நண்பர்களும் அதையே சொன்னார்கள். எங்கள் டிரையரில் ஒரு கோளாறும் இல்லை. அது வெளியே தள்ள வேண்டிய காற்றுக்குப் போக வழியில்லை, அவ்வளவுதான். அந்த வழியைத் திறந்துவிட்ட கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஊரில் கொடியில் துணி உலர்த்தி வளர்ந்த நமக்கு இந்தக் குழாய் பழக்கமில்லாதது. வீடு வாங்கும்போது சமையலறை, பள்ளிக்கூடம், வாசல் திசை எல்லாம் பார்க்கிறோம், இதை யாரும் பார்ப்பதில்லை.

சந்தேகம் வந்தது மெதுவாகத்தான். துணி முழுதாகக் காயாது, ஆனால் கையில் எடுத்தால் சுடும். மெஷினின் மேல்தகட்டில் கை வைக்க முடியவில்லை. லாண்டரி ரூமுக்குள் நுழைந்தால் ஈரப் புழுக்கம். ஒருநாள் டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே போய், டெக் படிக்குக் கீழே சுவரில் அந்தக் குழாய் முடிகிற இடத்தைப் பார்த்தேன். அங்கே இருக்கிற மடல் காற்றின் வேகத்தில் நன்றாகத் தூக்கி நிற்க வேண்டும். லேசாக ஆடியது, பிறகு படுத்துக்கொண்டது. கையை நீட்டிப் பார்த்தால் ஒரு மூச்சளவு காற்றுதான். உங்கள் வீட்டில் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

டிரையர் செய்வது எளிய வேலை. காற்றைச் சூடாக்கி, சுழலும் துணி வழியே இழுத்து, ஈரத்தோடு 4 அங்குலக் குழாயில் வெளியே ஊதுகிறது. துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசியை இங்கே லின்ட் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி நாம் தினமும் வழித்தெடுக்கிற வலையில் சிக்கும். மிச்சம் காற்றோடு குழாய்க்குள் போகும். குழாய் நீண்டுகொண்டே போனால் காற்று ஆறும், நீராவி குழாயின் உட்சுவரில் தண்ணீராகப் படியும், அந்த ஈரத்தில் லின்ட் ஒட்டும். ஒட்டியதன் மேல் இன்னும் ஒட்டும். எல்போ என்கிற வளைவு மூட்டு வைத்துத் திரும்புகிற இடத்தில் காற்றின் வேகம் குறைவதால் அங்கே அதிகம் சேரும். அதனால்தான் அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் குடியிருப்புக் கட்டட விதி, பொதுவாக இந்தக் குழாய் 35 அடிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நேர்க்கோணத்தில் திரும்பும் சாதாரண எல்போ ஒவ்வொன்றுக்கும் அதில் 5 அடியைக் கழித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் லாண்டரி ரூம் வீட்டின் நடுவில். குழாய் சுவருக்குள் இறங்கி, பேஸ்மென்ட் கூரைக்குள் ஓடி, பின்சுவரில் வெளியேறுகிறது. நடுவில் இரண்டு எல்போ.

காற்று வெளியேறாவிட்டால் சூடும் ஈரமும் மெஷினுக்குள்ளேயே சுற்றும். தெர்மல் ஃப்யூஸ் என்று ஒன்று உள்ளே இருக்கிறது. சூடு எல்லை மீறினால் அது எரிந்து மெஷினையோ அதன் சூட்டையோ நிறுத்தும். ஃப்யூஸை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயைப் பார்க்காமல் போகிற ரிப்பேர்காரரை நம்பாதீர்கள். அது அறிகுறிக்கு மருந்து. விளக்குத் திரிக்குப் பஞ்சு திரிக்கிற நமக்கு, காய்ந்த பஞ்சு எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தரவை வைத்துச் சொன்ன கணக்கு: ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டு டிரையர் தீவிபத்துகள், 5 உயிர்கள், 100 பேருக்குக் காயம், மூன்றரைக் கோடி டாலர் சேதம். காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாமல் விட்டதற்கு, 34 விழுக்காடு. ஜனவரியில்தான் அதிகம். கனத்த குளிர்த்துணிகளை நாம் ஓயாமல் போட்டெடுக்கிற மாதம்.

எங்களுடையது கேஸ் டிரையர். அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எரிந்த வாயுவும் அதே குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. படுக்கையறைகளுக்கு அருகில் அதற்கான அலாரம் இருக்கிறதா, பேட்டரி வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போனேன்.

ஆள் வைத்துச் செய்யலாமா என்று விசாரித்தேன். விளம்பரத்தில் ஒரு விலை, போனில் நீளத்துக்கு ஒன்று, எல்போவுக்கு ஒன்று என்று ஏறிக்கொண்டே போனது. அமெரிக்கப் புகைபோக்கிப் பாதுகாப்பு நிறுவனம் இந்த வேலைக்கென்றே சான்றிதழ் தருகிறது. ஆளைக் கூப்பிடுபவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. குழாய் கூரைக்கு மேல் திறக்கிற வீடாக இருந்தால் ஏணியை எடுக்கவே வேண்டாம், வேலை தெரிந்தவரையே கூப்பிடுங்கள். எங்கள் குழாய் முழங்கால் உயரத்தில் வெளியே வருவதால் நானே செய்வதென்று முடிவுசெய்தேன்.

தேவைப்பட்டவை அதிகமில்லை. ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கும் வளையும் தண்டுகளோடு, நுனியில் உருண்டை பிரஷ் உள்ள கிட் ஒன்று. தண்டை மாட்ட ட்ரில். ஷாப் வேக் என்கிற பட்டறை வேக்குவம் கிளீனர், முகமூடி, டார்ச், ஃபாயில் டேப், மெஷினையும் சுவரையும் இணைக்க அலுமினியத்தாலான, ஓரளவு விறைப்பான செமி ரிஜிட் குழாய், அதற்குக் கிளாம்ப்.

முதலில் மின் இணைப்பைப் பிடுங்கினேன். பிறகு கேஸ் வால்வை, கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நிற்கும்படி திருப்பி மூடினேன். கேஸ் இணைப்பைக் கழற்றவில்லை. அது வளைந்துகொடுக்கிற அளவுக்கு மட்டும், நானும் கணவரும் பிடித்து மெஷினை மெல்ல முன்னால் நகர்த்தினோம். பழைய வீடுகளில் மேல்பூச்சு இல்லாத பித்தளைக் கேஸ் இணைப்பு இருந்தால் கை வைக்காதீர்கள். லேசாக அசைத்தாலே விரிசல் விடலாம் என்று நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. அதை மாற்ற வேண்டியவர் உரிமம் உள்ளவர்.

பின்னால் பார்த்தால், மெஷினையும் சுவரையும் இணைத்திருந்தது மடிப்பு மடிப்பான மெல்லிய ஃபாயில் குழாய். மெஷினைச் சுவரோடு தள்ளி வைத்ததில் நடுவில் நசுங்கிக் கிடந்தது. கழற்றிக் குலுக்கியதும் மடிப்புகளுக்குள்ளிருந்து லின்ட் கொத்துக் கொத்தாக விழுந்தது. தொட்டால் பொடியாகிற அளவுக்குக் காய்ந்திருந்தது. இந்த ஃபாயில் குழாயும், பழைய வீடுகளில் இருக்கிற வெள்ளை பிளாஸ்டிக் குழாயும் வீட்டில் இருக்கவே கூடாதவை. உள்மடிப்புகள் பஞ்சைப் பிடித்துவைக்கும், தீ வந்தால் தாங்காது. அதைக் குப்பையில் போட்டேன்.

அதற்குள் வெளியே கணவர் சுவர் மூடியைக் கழற்றியிருந்தார். "இங்க வந்து பாரேன்" என்று குரல் வந்தது.

மடலுக்குப் பின்னால் ஒரு கம்பி வலை. பறவை உள்ளே போய்க் கூடு கட்டக் கூடாது என்று யாரோ நல்லெண்ணத்தில் வைத்தது. அந்த வலையின் மேல் லின்ட் ஒரு விரல் கனத்துக்கு அடையாக இறுகியிருந்தது. குழாயின் கடைசிப் பகுதி என்பதால் ஈரம், பிழிந்தால் தண்ணீர் வரும்போல. ஓரத்தைப் பிடித்து உரித்தபோது அடுக்கடுக்காக வந்தது. சாம்பல், சாம்பல், நடுவில் ஒரு சிவப்புக் கோடு, மறுபடி சாம்பல். அந்தச் சிவப்பு எங்கள் பையனுடைய போர்வை. புதிதாக வாங்கித் துவைத்தபோது உதிர்ந்தது. எத்தனை காலமாக எங்கள் வீட்டுத் துணியெல்லாம் அங்கே படிந்துகொண்டே இருந்திருக்கிறது! டிரையர் குழாயின் வாயில் வலை வைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. காற்றை விட்டுப் பஞ்சைப் பிடிப்பதுதானே வலையின் வேலை. மடல் மட்டும் போதும்.

வலையை எடுத்த பிறகு உள்ளிருந்து பிரஷை விட்டேன். ட்ரில் வலஞ்சுழியாக மட்டுமே சுற்ற வேண்டும். இடம்புறமாகச் சுற்றினால் தண்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்று, பிரஷ் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். சிக்கினாலும் ரிவர்ஸ் போடக் கூடாது, சுற்றிக்கொண்டேதான் பின்னால் இழுக்க வேண்டும். தண்டு சேரும் ஒவ்வொரு இடத்திலும் டேப் சுற்றிவிட்டேன். சுற்றும் வேகத்தைக் குறைவாக வைத்துக்கொண்டேன். முதல் எல்போவில் பிரஷ் தயங்கி நின்றது கையில் தெரிந்தது. கொஞ்சம் பின்வாங்கி மறுபடி தள்ளியதும் போய்விட்டது.

"வருதுங்களா?"

"வருது, வருது. நிறுத்தாத."

வெளியே கட்டிய குப்பைப் பை புடைத்துக்கொண்டு வந்தது. டார்ச் அடித்தால் உலோகம் பளபளக்கிறவரை இரு பக்கமிருந்தும் செய்து, மிச்சத்தை ஷாப் வேக்கால் இழுத்தோம்.

திரும்ப மாட்டும்போது கவனிக்க வேண்டியது உண்டு. இணைப்புக் குழாய் ஒரே துண்டாக, 8 அடிக்கு மேல் போகாமல், வளைவும் நசுங்கலும் இல்லாமல் இருக்க வேண்டும். அதைச் சுவருக்குள் மறைக்கக் கூடாது. இரண்டு முனையிலும் கிளாம்ப். சுவர்க் குழாயின் மூட்டுகளுக்கு ஃபாயில் டேப். துணி போன்ற சாம்பல் நிற டக்ட் டேப் பெயரில்தான் டக்ட், சூட்டில் பசை விட்டுவிடும். நீளமான ஸ்க்ரூ போட்டால் அதன் நுனி உள்ளே நீட்டிக்கொண்டு பஞ்சைப் பிடிக்கும், அதனால் அதையும் தவிர்த்தேன். கேஸ் வால்வைத் திறந்ததும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மெஷினை ஓட்டிவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். மடல் நேராகத் தூக்கிக்கொண்டு நின்றது, கன்னத்தில் சூடான காற்று அடித்தது. அன்று முதல் துண்டுகள் ஒரே சுற்றில் காய்கின்றன.

டிரையர் கதவருகே உள்ள லின்ட் வலையையும் ஒருமுறை தண்ணீர்க் குழாயடியில் காட்டிப் பாருங்கள். துணி மென்மையாக இருக்க டிரையர் ஷீட் என்கிற தாளைப் போடுகிற வீடுகளில் அதன் மெழுகுப் பூச்சு கண்ணுக்குத் தெரியாமல் படிந்து, தண்ணீர்கூட இறங்காமல் நிற்கும். பழைய பல்துலக்கும் பிரஷும் சோப்பும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டலாம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும், "இப்பதான் நல்லா காயுதே, அந்த எண்ணெய்த் துண்டையும் அதுலயே போட்டுடு" என்றார்.

"அது மட்டும் வேண்டாம்மா. எண்ணெய் எவ்வளவு துவைச்சாலும் முழுசாப் போகாது. சூட்டுல காய வெச்சு மடிச்சு அடுக்கினா தானா பத்திக்கும்."

"நெருப்பே இல்லாமயா?"

நெருப்பே இல்லாமல்தான். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து சூட்டை வெளிவிடும். துணி விரிந்து கிடந்தால் அந்தச் சூடு போய்விடும். டிரையரின் வெப்பத்தோடு கூடையில் குவித்தோ, மடித்து அடுக்கியோ வைத்தால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் பற்றும். மசாஜ் நிலையங்களிலும் உணவகங்களிலும் துவைத்து அடுக்கிய துண்டுகளே இப்படி எரிந்திருக்கின்றன. தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் வினைபுரியாது, ஆனாலும் நான் எதற்கும் விலக்குக் கொடுப்பதில்லை. அம்மா யோசித்துவிட்டு, "ஊர்லயும் எண்ணெய்த் துணியைத் தனியாத்தானே போடுவோம், சிக்கு வாடை அடிக்கும்னு" என்றார். அந்தச் சிக்கு வாடை வருவதும் இதே வினையால்தான். பால்கனியில் கொடி கட்ட எங்கள் குடியிருப்போர் சங்கம் விடுவதில்லை, அதனால் பேஸ்மென்ட்டில் ஒரு ஸ்டாண்ட் வாங்கி வைத்துவிட்டோம். அடுப்படித் துணி, தீபாவளித் துண்டு எல்லாம் அதில்தான் காய்கிறது. மற்ற துணிகளுக்கும் கடைசியில் குளிர்ந்த காற்று ஊதும் பகுதி முடிவதற்குள் நிறுத்தி எடுப்பதில்லை. அது வைத்திருப்பதே சூடு ஆறத்தான்.

தூங்கப் போகும்போதும் வெளியே கிளம்பும்போதும் டிரையரை ஓடவிடுவதை நிறுத்திவிட்டோம். உள்ளே தீ என்று தெரிந்தால் கதவைத் திறக்கக் கூடாது, திறந்தால் காற்று கிடைத்து நெருப்பு பெரிதாகும். பத்திரமாக எட்டினால் மின் பிரேக்கரை அணைத்துவிட்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 911 அழைக்க வேண்டும். இதைப் பையனுக்கும் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மெஷினுக்குள்ளே, பர்னரைச் சுற்றிச் சேர்ந்திருக்கிற லின்ட் மட்டும் பாக்கி. அதைத் தகடு கழற்றிச் செய்ய வேண்டும், கேஸ் என்பதால் டெக்னீஷியனுக்குச் சொல்லியிருக்கிறேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள் மடல் தூக்காமல் கிடப்பதை வீடியோ எடுத்து மேனேஜ்மென்ட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னால் பதிவு இருக்காது. எங்கள் வரிசையில் எல்லா வீடும் ஒரே சமயத்தில் கட்டியவை. பக்கத்து வீட்டிலும் அதே கம்பி வலை இருந்தது, அடுத்த நாளே எடுத்துவிட்டோம். மற்ற வீடுகளுக்கும் வலையின் படத்தோடு செய்தி அனுப்பியிருக்கிறேன்.