ஒன்று, பூஜ்யம், நூறு: வைரஸ் பாடத்தை இரண்டாம் முறை படித்தபோது

நீட் ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. உயிரியலில் 360-க்கு 322. போன வருஷம் 281. அப்போது 74 சரி, 15 தப்பு, ஒரு கேள்வி விட்டுவிட்டேன். அந்த 15 தப்பும் எனக்குத் தெரியாத பாடங்களிலிருந்து வரவில்லை. நன்றாகத் தெரியும் என்று நினைத்துப் புரட்டாமல் விட்ட பாடங்களிலிருந்து வந்தவை. அதில் முதல் இடம் வைரஸுக்கு. அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இயற்பியலுக்கு என்னிடம் கேட்காதீர்கள், அதில் நானே கரை சேர்ந்தது பெரிய விஷயம்.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். அரசுப் பள்ளி, தமிழ் வழி. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அங்கே கொடுத்த நோட்ஸில் வைரஸ் முழுவதும் ஒன்றரைப் பக்கம். ஒட்டிக்கொள்ளுதல், ஊடுருவுதல், உற்பத்தி, தொகுப்பு, வெளியேற்றம் என்று ஐந்து சொல், ஐந்து அம்புக்குறி. வரிசை தலைகீழாகக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு அம்புக்குறிக்கும் நடுவில் செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் வாயடைத்துப் போயிருப்பேன். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது வருஷம் வீட்டிலிருந்தே படித்தேன். காலையில் பஸ் பிடித்து தர்மபுரி மாவட்ட மைய நூலகம், சாயங்காலம் திரும்பி வருவது. ஐப்பசியில் எழுதிய ஒரு மாதிரித் தேர்வில் ஹெர்ஷே, சேஸ் சோதனை வந்தது, மரபுப் பொருள் புரதமா டி.என்.ஏவா என்று பார்த்த சோதனை. கதிரியக்கமுள்ள கந்தகம் 35 ஏற்றிய ஃபாஜை (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) பாக்டீரியாவோடு சேர்த்து, பிளெண்டரில் அடித்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால் கதிரியக்கம் எங்கே இருக்கும் என்று கேள்வி. பாக்டீரியா செல்லுக்குள் என்று போட்டேன். தப்பு. மேலே தெளிந்து நிற்கும் திரவத்தில் இருக்கும். இதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். அன்றைக்கு நூலகத்தை மூடும் வரை அந்த ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் புரிந்தது. என் மனசில் வைரஸ் என்பது செல்லுக்குள் முழுசாக நுழைந்து, பாக்டீரியா மாதிரி ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகும் ஒரு குட்டிப் பூச்சி. பெருக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குப் பிளவுதான் ஞாபகம் வருகிறது. வைரஸ் பிளவுபடுவதே இல்லை. உள்ளே போனதும் அது வைரஸாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

நோட்டில் பெரிய எழுத்தில் 1, 0, 100 என்று எழுதினேன். என் முழுத் தயாரிப்பிலும் உருப்படியான ஒரே குறுக்குவழி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒன்று: ஒரு டி4 ஃபாஜ் ஈ.கோலை என்ற பாக்டீரியா செல்லின் மேல் வந்து வால் நார்களால் ஒட்டுகிறது. அடித்தட்டு படிகிறது. வாலின் உறை சுருங்குகிறது, உள்ளிருக்கும் குழல் செல்சுவரைத் துளைக்கிறது. டி.என்.ஏ மட்டும் உள்ளே இறங்குகிறது. தலையும் வாலும் வெற்றுக் கூடாக வெளியே நிற்கின்றன. பிளெண்டரில் அடித்தால் உதிர்ந்து போவது இந்தக் கூடுதான். புரதத்தில் கந்தகம் உண்டு, டி.என்.ஏவில் கிடையாது. பாஸ்பரஸ் 32 டி.என்.ஏவோடு உள்ளே போகும். 1952-இல் செய்த அந்தச் சோதனையே இந்தப் படத்துக்குள் அடங்கிவிடுகிறது.

பூஜ்யம்: இந்த நிமிஷத்தில் செல்லை உடைத்துத் தேடினால் முழு வைரஸ் ஒன்றுகூடக் கிடைக்காது. இதை யாரும் நமக்கு அழுத்திச் சொல்வதில்லை, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம். பாடத்தின் உயிரே இந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. செல்லின் சொந்த டி.என்.ஏ சிதைக்கப்படுகிறது. புரதம் செய்யும் செல்லின் ரைபோசோம், செல்லின் ஆற்றல், செல்லின் அமினோ அமிலங்கள் எல்லாம் வைரஸின் உத்தரவுக்கு வேலை செய்கின்றன. தலை தனியாக, வால் தனியாக, நார் தனியாகத் தயாராகிறது.

நூறு: பாகங்கள் ஒன்றுசேர்கின்றன. லைசோசைம் என்ற நொதி செல்சுவரைக் கரைக்க, செல் வெடிக்கிறது. 37 டிகிரியில் மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்து நூறுக்கு மேல் ஃபாஜ்கள் வெளியே வருகின்றன. நூறு என்பது ஞாபகத்துக்கு நான் வைத்த எண், அதையே விடையாகப் போட்டுவிடாதீர்கள்.

லாம்டா ஃபாஜின் உறக்கநிலைச் சுழற்சியும் இதே கணக்கில் வரும். பூஜ்யத்திலேயே நின்றுவிடுவதுதான் அதன் கதை. டி.என்.ஏ பாக்டீரியாவின் டி.என்.ஏவோடு இணைந்து புரோஃபாஜ் ஆகிறது. செல் பிரியும்போதெல்லாம் அதுவும் நகலாகிறது. புற ஊதாக் கதிர் மாதிரி ஏதாவது தொந்தரவு வந்தால் பிரிந்து வந்து நூறுக்குப் போகிறது.

சரி, எல்லா வைரஸும் ஊசி போடுமா? நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் திருத்தியது எங்கள் தோட்டம்.

மாசி மாசம் ஒரு நாள் காலை அப்பாவோடு தக்காளிக் காட்டில் நின்றேன். கொழுந்து இலைகள் விளிம்பு மேலே மடங்கி, சுருங்கி, மஞ்சள் ஓடிக் கிடந்தன. அப்பா செடியை லேசாக ஆட்டினார். இலைக்கு அடியிலிருந்து சாம்பல் தூவின மாதிரி வெள்ளை ஈ எழும்பி மறுபடியும் உட்கார்ந்தது. “வைரஸ் விழுந்துடுச்சு பாப்பா. இதுக்கு மருந்தில்ல, ஈக்குத்தான் மருந்து” என்று சொல்லிவிட்டு அந்தச் செடியை வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டார். அந்த வருஷம் பாலக்கோடு மார்க்கெட்டுக்கு நாங்கள் கொண்டுபோன பெட்டிகள் வழக்கத்தில் பாதிகூட இல்லை. என் பீஸ் அந்தக் காட்டிலிருந்துதான் வர வேண்டும்.

அப்பா சொன்னது பாடப்புத்தக உண்மை. வைரஸுக்கென்று ரைபோசோம் இல்லை, செல்சுவர் இல்லை, சொந்த வளர்சிதை மாற்றம் இல்லை. ஆன்டிபயாடிக் பொதுவாக இந்த மாதிரி இடங்களில்தான் அடிக்கும், இங்கே அடிக்க ஒன்றுமில்லை. இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்தது. தாவர செல்லுக்குக் கெட்டியான சுவர் இருக்கிறது, தாவர வைரஸுக்கு ஃபாஜின் வால் கிடையாது. பெரும்பாலும் காயம் வழியாகவோ, வெள்ளை ஈ மாதிரி உறிஞ்சும் பூச்சியின் வாய் வழியாகவோதான் அது நுழைகிறது. புகையிலை மொசைக் வைரஸ் நோயுள்ள இலையைத் தேய்த்த கையிலிருந்தே பரவும்.

அதற்கப்புறம் எந்த வைரஸ் வந்தாலும் ஒரே கேள்வி கேட்டேன்: எது உள்ளே போகிறது, எது வெளியே நிற்கிறது?

எச்.ஐ.வி: உறை செல் சவ்வோடு இணைந்து வெளியே தங்கிவிடுகிறது. உள்ளே போவது புரதக் கூடும், அதற்குள் இருக்கும் ஆர்.என்.ஏவும், ஆர்.என்.ஏவைப் பார்த்து டி.என்.ஏ எழுதும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியும். ஆர்.என்.ஏ டி.என்.ஏவாக மாறி நம் டி.என்.ஏவில் இணைகிறது. வெளியேறும்போது மொட்டு விடுவது போலப் பிதுங்கி வருவதால் மேக்ரோஃபேஜ் (நம் நோய் எதிர்ப்பு செல், ஃபாஜ் அல்ல) உடனே வெடிக்காமல் தொழிற்சாலையாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

கொரோனா: ஆர்.என்.ஏ உள்ளே வந்ததும் நேராக ரைபோசோம் படிக்கிறது. டி.என்.ஏ கட்டமே இல்லை.

இனி நான் குழம்பிய இடங்கள், சும்மா பட்டியலாக:

1892 இவானோவ்ஸ்கி. மொசைக் நோய் வந்த புகையிலைச் சாற்றை பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியில் இறக்கினார், அப்படியும் அது நோயைத் தந்தது.

1898 பெயரிங்க். உயிருள்ள தொற்றுத் திரவம் என்றார்.

1935 ஸ்டான்லி. படிகம். ஆண்டு மூன்றையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். வடிகட்டினார்கள், திரவம் என்றார்கள், படிகமாக்கினார்கள் என்று கதையாகச் சொல்லிப் பாருங்கள்.

1971 டைனர், வைராய்டு. வெறும் ஆர்.என்.ஏ, புரத உறை இல்லை. பிரயான் நேர் எதிர், வெறும் புரதம்.

தாவர வைரஸ் என்றால் ஆர்.என்.ஏ என்று மனப்பாடம் செய்தவர்கள் ‘பொதுவாக’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். காலிஃபிளவர் மொசைக்கில் இரட்டை இழை டி.என்.ஏ. எங்கள் தக்காளியைச் சுருட்டிய இலைச்சுருள் வைரஸில் ஒற்றை இழை டி.என்.ஏ.

தமிழில் எழுதுபவர்களுக்கு: நூறில் செல் வெடிக்கும் சுழற்சியை மாநிலப் புத்தகம் சிதைவு சுழற்சி என்கிறது, நோட்ஸ் லைட்டிக் என்கிறது. வினாத்தாளில் ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் இறுதி. ஆக ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பெயரும் தெரிந்திருக்க வேண்டும். நான் முதல் வருஷம் ஆங்கில வரிப் பக்கமே பார்வையைக் கொண்டுபோகவில்லை.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. தனியாக, அதிகாலையில், பேனாவால் வரைந்து படித்தால்தான் நிற்கும். உங்களுக்குப் பேசிப் படிப்பது வரும் என்றால் அப்படியே செய்யுங்கள், ஆனால் ஃபாஜ் படத்தை மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு வரையுங்கள். நான் அதை நாற்பது தடவைக்கு மேல் வரைந்திருப்பேன். கூடு வெளியே, கோடு உள்ளே, ஓரத்தில் அந்த மூன்று எண்.

சித்தப்பா மகன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. நேற்று வந்து நோட்டைக் கேட்டான். கொடுத்தேன். அந்தப் படம் இருந்த பக்கத்தை மட்டும் பிரித்து எடுத்து வைத்துக்கொண்டேன், அவன் கையால் வரையட்டும் என்று.