வெட்டுப்பட்டு விழுபவர்களின் ஊரில்

2024 அக்டோபரில் நான் டோக்கியோ போய்ச் சேர்ந்தபோது, ‘சாமுராய் டைம் ஸ்லிப்பர்’ ஜப்பானெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட அரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. விடுதியிலிருந்து நடக்கும் தூரத்திலேயே ஓர் அரங்கு இருந்தும், அதை விட்டுவிட்டு நகரின் இன்னொரு பகுதியான இகெபுகுரோவுக்கு ரயிலேறினேன். ஆகஸ்ட் 17 அன்று அந்தப் படம் நாடு முழுவதிலும் ஒரே ஓர் அரங்கில்தான் வெளியானது. அங்குள்ள சினிமா ரோசாதான் அது. கோடையில் மாண்ட்ரியலின் ஃபான்டேசியா திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது பெற்ற செய்தியைப் படித்த நாளிலிருந்து காத்திருந்தவனுக்கு, பிறந்த வீட்டிலேயே அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் இருந்ததில் வியப்பில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முதியவர் மூன்றாவது முறையாக வந்திருந்தார். இயக்குநர் ஜுனிச்சி யசுதா கியோட்டோப் பகுதியில் நெல் பயிரிடும் விவசாயி என்பதையும், 2.6 கோடி யென் செலவில் இதை எடுத்து முடிக்கத் தம் காரையே விற்றார் என்பதையும், தம் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த ஜப்பானியம் கடைத்தெருவுக்குப் போதும். நாயகன் பேசும், வடகிழக்கு ஜப்பானின் ஐசு நாட்டுப் பேச்சுவழக்குக்குப் போதாது. ஆயினும் கதை புரியத் தடை இருக்கவில்லை. ஷோகன் என்னும் படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட காலத்தின் இறுதி நாட்களில் எதிரியோடு வாள் கோக்கும் ஐசு வீரன் கோசகா ஷின்சாஎமோன், மின்னல் தாக்கி, இன்றைய கியோட்டோவின் படப்பிடிப்புத் தளத்தில் கண் விழிக்கிறான். தான் காக்கப் புறப்பட்ட ஆட்சி எப்போதோ முடிந்துவிட்டதை ஒரு சுவரொட்டியிலிருந்து அறிகிறான். பிழைப்புக்கு அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் வாள் என்பதால், நாயகனின் வாளால் வெட்டுப்பட்டு விழும் துணை நடிகனாகிறான். ஜப்பானியர் இவர்களைக் ‘கிராரேயாக்கு’ என்பார்கள்.

காலம் தவறி வந்தவனை வைத்துக் கேலி செய்வது எளிது. இந்தப் படம் அதைச் செய்யவில்லை என்பதே என்னைக் கவர்ந்தது. முதன்முதலாகக் கேக் சாப்பிடும்போது, இவ்வளவு சுவையான பண்டம் எளிய மக்களுக்கும் கிடைக்கிறதா என்று வியந்து அவன் கலங்குகிறான். அரங்கம் சிரித்தது, ஆனால் அது அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பன்று. சாகப் பழகும் ஒத்திகையில், வெட்டை வாங்கிக்கொள்ள வேண்டியவன் பழக்கதோஷத்தால் ஆசிரியரையே திருப்பி வெட்டிவிடும் காட்சியில் முன்வரிசை முதியவரின் தோள்கள் குலுங்கின. மூன்றாவது முறை என்றார் அல்லவா! கோசகாவாக வரும் மாகியா யமகுச்சி ஒரு கணமும் முகத்தைக் கோணாமல், அவ்வளவு மரியாதையோடு நடித்திருப்பதால்தான் அந்தச் சிரிப்பு கிடைக்கிறது. படம் முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் கியோட்டோவுக்குப் போனேன். ஷிஜோ ஓமியாவிலிருந்து, உள்ளூரார் ‘ராந்தென்’ என்னும் டிராம் வீடுகளின் கொல்லைப்புறங்களை ஒட்டி ஊர்ந்து உசுமாசாவில் இறக்கிவிடுகிறது. கோரியூஜி கோயிலைத் தாண்டி நடந்தால் தோயெய் திரைப்பட நிறுவனத்தின் படப்பிடிப்பு நிலையமும், அதையொட்டி 1975இல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட ‘எய்காமுரா’ என்னும் திரைப்படக் கிராமமும் வருகின்றன. சிறு குழு எடுத்த இப்படத்துக்குத் தோயெய் கைகொடுத்தது கதைப்பிரதியின் மீதிருந்த விருப்பத்தால். கியோட்டோவின் கோடை வெயிலில் விக்கும் அடுக்கடுக்கான உடையும் அணிந்து நடிப்பது கொடுமை என்பதால் அப்போது செட்டுகள் ஓய்ந்திருக்கும். யசுதாவின் குழுவுக்கு வாய்த்தது அந்தப் பருவம்தான்.

இந்த ஊரில் அரை நூற்றாண்டுக்கு மேல் வெட்டுப்பட்டு விழுந்தவர் செய்ஸோ ஃபுகுமோட்டோ. ஐம்பதாயிரம் முறை செத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். ‘தி லாஸ்ட் சாமுராய்’ படத்தில் டாம் குரூஸுக்குக் காவலாக ஏறக்குறைய ஒரு சொல்லும் பேசாமல் நின்ற அந்த முதியவரை நாமும் பார்த்திருக்கிறோம். ‘சாமுராய் டைம் ஸ்லிப்பர்’ படத்தின் வாள்வீச்சு ஆசிரியர் வேடம் அவருக்கென்றே எழுதப்பட்டது. 2021 ஜனவரி 1 அன்று அவர் மறைந்துவிட, அதை அவருடைய நெடுநாள் சகா ரந்தாரோ மினே ஏற்றார். முந்தைய நாள் விளங்காமல் விட்ட ஒன்று, செட்டுத் தெருவில் நின்றபோது விளங்கியது: ஒத்திகைக் காட்சிகளில் மினேயின் முகத்தில் இருந்த கனிவு முழுவதும் நடிப்பாக இருந்திருக்க முடியாது.

பிற்பகலில் அத்தெருவில் சிறிய வாள்சண்டை நிகழ்ச்சி ஒன்று நடந்தது. நாயகனைவிட, அவன் வாள் தொடாத தொலைவிலேயே முதுகை வில்லாக வளைத்துச் சாய்ந்த நடுத்தர வயதுக்காரரையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்ததும் அவர் எழுந்து, உடையிலிருந்த மண்ணைத் தட்டி, மீதமிருந்த நாலைந்து பேருக்கும் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனார். அடுத்த காட்சி எத்தனை மணிக்கு என்று பலகையில் பார்த்துவிட்டு, அங்கேயே நிழலில் உட்கார்ந்தேன்.