கொழுந்து ஒடியும் சத்தம்

போடியில் பஸ் ஏறும்போது நல்ல வெயில். போடிமெட்டு சோதனைச்சாவடியைத் தாண்டியதுமே பனி வந்து கண்ணாடியை மூடிவிட்டது. வழியில் எந்த ஊரையும் கண்ணால் பார்க்கவில்லை. ஏலக்காய் வாசனை ஏறியதை வைத்துத்தான் பூப்பாறை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் சித்தி இருக்கிறாள். முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவள். ரிட்டயர்ட் ஆனால் லயத்தை, எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்ய வேண்டும். மகனும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்ததால் அந்த வீடு அவளுக்குத் தங்கியது. அடுப்படி, ஒரு அறை, முன்னால் சின்னத் திண்ணை. திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே தேயிலை, அதற்கு மேலே மலை. நான் போன அன்று மலை இல்லை, வெள்ளையாக ஒரு சுவர்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. காலையில் சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போனோம். 1910இல் கட்டத் தொடங்கிய கருங்கல் கட்டடம். மேலே சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டம் அதைவிடப் பழசு. 1894இல் காலராவில் இறந்துபோன எலினார் என்ற இளம் வெள்ளைக்காரப் பெண்ணை அங்கே அடக்கம் செய்தார்கள். இந்த மலையில் முதலில் கல்லறை, பிறகுதான் கோயில்.

மத்தியானம் ராஜமலை. சித்திதான் கூட்டிப்போனாள். வனத்துறை பஸ்ஸில் ஏறி இறங்கி, தார் ரோட்டில் மெதுவாக நடந்தோம். அண்ணாந்து பார்த்தால் ஆனைமுடி தெரியவேண்டும். 2,695 மீட்டர், மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உயரமான சிகரம். அன்று அதன் அடிவாரம்கூடத் தெரியவில்லை. ரோட்டோரம் குறிஞ்சிச் செடிகள் நின்றன. 2018இல் பூத்து, விதை சிந்திவிட்டு, காய்ந்து மடிந்த செடிகளின் பிள்ளைகள். இவை இன்னும் ஒரு பூவைக்கூடக் கண்டதில்லை. 2030 வரை இப்படியே பச்சையாக நிற்கும். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். சொரசொரப்பு, நரம்போரமாக நீர்த்துளி. பன்னிரண்டு வருசத்தை இது எதை வைத்து எண்ணுகிறது? பூத்துக் குலுங்கும்போது லட்சம் பேர் வந்து கும்பிடலாம். எனக்கு இந்தப் பூக்காத செடிக்கு முன்னால்தான் கைகூப்பத் தோன்றியது.

"ஒண்ணுமே தெரியலையே சித்தி" என்றேன், சிகரம் இருக்கவேண்டிய திசையைப் பார்த்து.

"மலைக்காட்டுல கொழுந்து எடுக்கையில பனி மூடிட்டா பக்கத்து நிரையில நிக்கிற ஆளே தெரியாது யய்யா. பட்டு பட்டுன்னு கொழுந்து ஒடியிற சத்தம் மட்டும் கேக்கும். அத வச்சுத்தான் ஆள் இருக்குன்னு தெரியும். அப்போல்லாம் கையாலதானே எடுத்தோம். எனக்குக் கர்த்தரும் அப்படித்தான்."

இதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். 'வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது' என்ற சங்கீத வசனத்தைச் சின்ன வயசிலேயே மனப்பாடமாக ஒப்பித்தவன் நான். ஆனாலும் வானம் தெளிவாக இருக்கும் நாளில் மட்டும்தான் அவரைத் தேடியிருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது.

கொஞ்ச தூரத்தில் சித்தி நின்றாள். முகம் பெட்டிமுடிப் பக்கம் திரும்பியிருந்தது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, அங்கேதான் மழையில் மலை பெயர்ந்து லயங்கள் மேல் விழுந்தது. 70 உயிர்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அவளோடு கூடை சுமந்தவர்களும் அதில் உண்டு.

"அந்த மண்ணுக்குள்ள நீர் எங்கய்யா இருந்தீர்னு கேக்காத நாள் இல்ல. கேட்டுக்கிட்டேதான் ஜெபம் பண்றேன்."

எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. பைபிளில் எலியா தீர்க்கதரிசி ஓரேப் மலையில் நின்றது நினைவுக்கு வந்தது. பர்வதங்களைப் பிளக்கிற பெருங்காற்றிலே கர்த்தர் இருக்கவில்லை, பூமி அதிர்ச்சியிலும் இருக்கவில்லை, அக்கினியிலும் இல்லை. அதற்குப் பின் அமர்ந்த மெல்லிய சத்தம் உண்டாயிற்று. சித்தியின் கேள்விக்கு அது பதில் ஆகாது. அவளிடம் அதைச் சொல்லவும் இல்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். தேயிலைக் கறை ஏறி வெடித்த விரல்கள், இன்னும் கெட்டியாகவே இருந்தன.

திரும்பும்போது ரோட்டின் விளிம்பில் ஒரு வரையாடு. நாலடி தூரம்தான். பிடரி மயிரில் பனி முத்து முத்தாகத் தொங்கியது. எங்களைப் பார்த்தது, பயமில்லை, மறுபடி புல்லைக் கடித்தது. பனி அடர்ந்து அதையும் மூடியது. அப்படியே நின்று காது கொடுத்தேன். புல் அறுபடும் சத்தம், மெல்லும் சத்தம், சீராக, மிகப் பக்கத்தில்.

"வா யய்யா, கடைசி பஸ் போயிரும்."

குரல் முன்னாலிருந்து வந்தது, ஆள் தெரியவில்லை. அவள் செருப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.