வேலையில் இருந்துகொண்டே எம்பிஏ: கம்பெனியிடம் ஃபீஸ் வாங்கிய அனுபவம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். காட்பாடியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். வேலையோடு சேர்த்து இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் எம்பிஏ படிக்கிறேன், ஃபீஸில் பெரும்பகுதியைக் கம்பெனி திருப்பித் தருகிறது. இப்படி ஒரு திட்டம் இருப்பதே எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

கம்பெனி முன்பணம் தராது. நாம் கட்டி, பரீட்சை எழுதித் தேறி, ரசீதையும் மதிப்பெண் பட்டியலையும் கொடுத்த பிறகுதான் பணம் வரும். இக்னோவில் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். அதற்கு முன்பே அசைன்மெண்ட் கொடுத்திருக்க வேண்டும். டிசம்பர் தேர்வின் முடிவு வருவதற்குள் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டும் நேரம் வந்துவிடும். கிளெய்மையோ மார்ச் 31-க்குள் கொடுத்தாக வேண்டும். ஆக, இரண்டு செமஸ்டர் பணம் நம் கையில் இருக்க வேண்டும். நான் அதற்காகவே ஒரு சீட்டு எடுத்தேன்.

அனுமதியைச் சேர்வதற்கு முன்பே வாங்க வேண்டும், சேர்ந்துவிட்டுக் கேட்டால் கிடையாது. படிப்பு வேலைக்குப் பொருந்துகிறது என்று மேனேஜர் எழுதித் தர வேண்டும். "ஷிப்டுக்கு இடைஞ்சல் வராதேம்மா?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. தேர்வு நாட்களுக்கு என் சொந்த லீவையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன், கையெழுத்துப் போட்டார். யுஜிசி அங்கீகாரப் பட்டியலின் அச்சுப் பிரதியையும் கூடவே வைத்தேன்.

அதிகம் இழுத்தது பெயர் விஷயம். 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர டெப் ஐடி (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பதிந்து வாங்கும் எண்) வேண்டும், அதற்கு ஏபிசி ஐடி (மாணவரின் படிப்பு கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்) வேண்டும். ஏபிசி ஐடியில் ஆதாரில் இருக்கிற பெயர்தான் வரும். என் ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கிறது. சம்பளச் சீட்டில் இனிஷியல் முன்னால். கணக்குப் பிரிவு மேடம் ரசீதையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற ஆள் பேரு மாதிரி இருக்கே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இருவரும் ஒரே ஆள்தான் என்று ஹெச்ஆர் சான்றளித்த கடிதத்தை ஆதார் நகலோடு கோப்பில் சேர்த்த பிறகு யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் இனிஷியல் இல்லாத ஆள் ஏது? இந்தக் கடிதத்தை ஆரம்பத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள். இன்னொன்று, ஃபீஸை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே கட்டுங்கள்.

அப்புறம் பாண்ட். படிப்பு முடிந்த பின் இரண்டு வருடம் இருக்க வேண்டும், இடையில் போனால் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும் என்று இருந்தது. ஒன்றரை வருடம் வேலை செய்தவரும் முழுதாகக் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74-ஆவது பிரிவில், ஒப்பந்தத்தை மீறினால் நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம் என்கிறது. அதற்காக பாண்டே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கியின் 2 லட்ச ரூபாய் பாண்ட் செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே கையெழுத்துப் போடும் முன் பேசுவதுதான் வழி. "எல்லாருக்கும் இதே பேப்பர்தாம்மா" என்றார் ஹெச்ஆர் சார். வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறையும் என்று ஒரு வரி மட்டும் சேருங்கள் சார் என்று எழுத்தில் கேட்டேன். மேலே கேட்டுவிட்டுச் சேர்த்துக் கொடுத்தார்.

வங்கிக் கடன் எடுத்துப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம்: பழைய வரி முறையில் இருந்தால் கல்விக் கடன் வட்டிக்கு 8 ஆண்டு வரை கழிவு உண்டு. அசலுக்குக் கிடையாது, புதிய முறையில் வட்டிக்கும் கிடையாது.

இந்த வருடம் எங்கள் பிரிவிலிருந்து இன்னும் இரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்த பாண்டில் அந்த வரி அச்சிலேயே இருக்கிறது.