ஸ்கிரிப்டில் தெரிவுகளை விரித்து எழுதுவது பற்றி

வெள்ளவத்தையில் உள்ள ஒரு சிறிய தமிழ்ப் பதிப்பகத்தின் கணினிகளைப் பராமரிப்பவன் என்ற முறையில், யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களின் கட்டளைகளோடு நாள்தோறும் பழகுகிறேன். எழுத்தாளர்கள் அனுப்பும் பிரதிகளை ஒழுங்குபடுத்துவது, அவற்றுக்குக் காப்புப்படி எடுப்பது, அச்சகத்துக்குப் போகும் இறுதிக் கோப்புகளைச் சரிபார்ப்பது ஆகிய வேலைகளையெல்லாம் லினக்ஸ் கணினி ஒன்றில் உள்ள ஷெல் ஸ்கிரிப்டுகளே, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புகளே, செய்கின்றன. இவற்றை நாளை வேறொருவர் திறந்து, வாசித்து, திருத்த வேண்டியிருக்கும். ஆகவே, கட்டளைகளை இடும் சாளரமான டேர்மினலில் தட்டும்போது ஓரெழுத்துக் குறுந்தெரிவுகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஸ்கிரிப்டில் எழுதும்போது அவற்றை முழுச் சொற்களாக விரித்து எழுதுங்கள் என்று என்னோடு வேலை செய்யும் இளையவர்களிடம் வற்புறுத்தி வருகிறேன்.

தெரிவு (option) என்பது, கட்டளை எப்படிச் செயற்பட வேண்டும் என்று சொல்வதற்காக அதன் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோட்டுடன் தொடங்கும் சொல். அந்தக் கோட்டுக்கு, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிரல்களை இயக்கும் ஷெல்லிடம் தனி மதிப்பு எதுவும் கிடையாது. நாம் தட்டிய வரியை ஷெல் சொற்களாகப் பிரிக்கிறது, நட்சத்திரக் குறி இருந்தால் அதைக் கோப்புப் பெயர்களாக விரிக்கிறது, பின்னர் அந்தச் சொற்களின் வரிசையை நிரலிடம் ஒப்படைக்கிறது. அவற்றில் எது தெரிவு, எது கோப்பு என்று தீர்மானிப்பது முழுக்க முழுக்க நிரலின் பொறுப்பு. இதனால்தான் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு பொருள் தருகிறது. வரிகளைத் தேடும் கிரெப் கட்டளையில் ‘வி’ என்பது பொருந்தாத வரிகளை மட்டும் காட்டச் சொல்கிறது. பிரதி எடுக்கும் சிபி கட்டளையில் அதே ‘வி’ செய்வதை விளக்கிக்கொண்டே செய்யச் சொல்கிறது. வேறொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கட்டளையில், இணைப்புக்கான துறை எண்ணைச் சிறிய ‘பி’யால் (p) தருகிறோம்; கணினிகளுக்கிடையே பிரதி எடுக்கும் எஸ்சிபி கட்டளையிலோ சிறிய ‘பி’ கோப்பின் நேரக் குறிப்புகளைப் பேணுவதற்கு ஏற்கனவே ஒதுக்கப்பட்டிருந்தமையால், துறை எண்ணுக்குப் பெரிய ‘பி’ வேண்டும்.

இந்தச் சுருக்கத்துக்கு நியாயமான பின்னணி உண்டு. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸைத் தொடங்கிய காலத்தில், அவர்கள் பயன்படுத்திய டெலிடைப் 33 பொறி விநாடிக்கு 10 எழுத்துகளை மட்டுமே அச்சிட்டது. கட்டளையும் தெரிவும் ஓரிரு எழுத்துகளில் அடங்கியது அந்தச் சூழலுக்குப் பொருத்தமாக இருந்தது. பின்னர், யுனிக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்க முனைந்த குனு திட்டத்தின் நிரல்கள் இரட்டைக் கோட்டுடன் தொடங்கும் நெடுந்தெரிவுகளைப் பரவலாக்கின. கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒத்திசைத்துப் பிரதி எடுக்கும் ஆர்சிங்க் கட்டளையின் பின்னால் ‘ஏ, வி, என்’ என்ற மூன்று எழுத்துகள் ஒட்டி நின்றால், கையேட்டைத் திறக்காமல் அதன் பொருளை அறிவது புதியவருக்கு இயலாது. அதையே ‘--ஆர்க்கைவ் --வெர்போஸ் --ட்ரை-ரன்’ என்று எழுதிவிட்டால் வரி தானாகவே பேசுகிறது. தட்டுவதற்கு ஒருமுறைதான் நேரம் செலவாகிறது; வாசிப்பது பலமுறை நடக்கிறது.

(ஆர்சிங்கை நாங்கள் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஆர்சிங்க் வழக்கமாக ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் எழுதி முடித்த பின்னரே உரிய பெயரைச் சூட்டும். இடையில் மின்சாரம் போனாலும் அரைகுறைக் கோப்பு ஒன்று முழுக் கோப்பின் பெயரில் நிற்பதில்லை.)

ஸ்கிரிப்டில் நெடுந்தெரிவுகளை எழுதும் நெறிக்கு எல்லை உண்டு. எங்கள் வடிவமைப்பாளர் மக் கணினியில் வேலை செய்கிறார். மக்கில் உள்ள அடிப்படைக் கட்டளைகள் பல பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் கிளையின் மரபைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குறுந்தெரிவுகள் மட்டுமே உண்டு. குறுந்தெரிவுகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. உரையைத் திருத்தும் செட் (sed) கட்டளையில், மாற்றங்களை அதே கோப்பிலேயே எழுதச் சொல்லும் ‘ஐ’ தெரிவு, குனு வடிவத்தில் தனியாக நிற்கலாம். பிஎஸ்டி வடிவத்தில் காப்புப்படிக்கான பின்னொட்டு ஒன்றை, வெறுமையாகவேனும், தொடர்ந்து கேட்கிறது. இரு கணினிகளிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டில், யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் நியமம் வரையறுத்த குறுந்தெரிவுகளை மட்டும் எழுதி, அவற்றின் பொருளை மேல் வரியில் தமிழிலேயே குறிப்பாக இடுவதே சரியென்று கருதுகிறேன்.

கோப்புப் பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் வேலையில் அதிக ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ‘கொழும்பு நினைவுகள் இறுதி’ என்று இடைவெளிகளோடு பெயரிட்டுத்தான் எழுத்தாளர்கள் கோப்புகளை அனுப்புகிறார்கள், அப்படி அனுப்புவதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் ஸ்கிரிப்டில் அந்தப் பெயரைத் தாங்கிய மாறியை (variable) மேற்கோள் குறிகளுக்குள் இடாவிட்டால், ஷெல் அதை மூன்று சொற்களாக உடைத்துவிடும். அழிக்கும் கட்டளையாக இருந்தால், ‘நினைவுகள்’ என்ற பெயரில் வேறொரு கோப்பு அங்கே இருக்குமானால் அது போய்விடும். ஆகவே ஸ்கிரிப்டுக்குத் தரப்பட்ட முதற் சொல்லைக் குறிக்க "$1" என்றும், தரப்பட்ட சொற்கள் அனைத்தையும் குறிக்க "$@" என்றும், மேற்கோள் குறிகளோடுதான் எழுத வேண்டும்.

கோட்டுடன் தொடங்கும் கோப்புப் பெயர் இதனினும் நுட்பமான சிக்கல். ஷெல் நட்சத்திரக் குறியை விரித்தபின், அந்தப் பெயர் நாம் தட்டிய தெரிவா, கோப்புறையில் கிடந்த கோப்பா என்பதை அறிய நிரலுக்கு வழியே இல்லை. இதற்காகவே, தனியாக நிற்கும் இரட்டைக் கோடு தெரிவுகளின் முடிவைக் குறிக்கும் என்று போசிக்ஸ் வகுத்திருக்கிறது. அழிக்கும், நகர்த்தும், பிரதி எடுக்கும் ஒவ்வொரு கட்டளையிலும் மாறிக்கு முன்னால் அந்த ‘--’ நிற்க வேண்டும். பெயருக்கு முன்னால் ‘./’ சேர்ப்பதும் அதே பாதுகாப்பைத் தரும்.

நமது ஸ்கிரிப்டும் தெரிவுகளை ஏற்க வேண்டுமானால் தெரிவுகளைப் பிரித்தறிவதற்கென ஷெல்லோடு வரும் கெட்ஆப்ட்ஸ் கட்டளை போதுமானது. ஏற்கும் எழுத்துகளை ஒரு சரமாகக் கொடுத்து, மதிப்பு வேண்டிய எழுத்துக்குப் பின்னால் முக்காற்புள்ளி இட்டால், மீதியை அது பார்த்துக்கொள்கிறது. அது ஒற்றை எழுத்துகளை மட்டுமே அறியும் என்பது எனது நெறிக்கு எதிரான குறைதான். ஆயினும் எல்லாப் போசிக்ஸ் ஷெல்களிலும் அது ஓடும் என்பதால் ஏற்றுக்கொள்கிறேன். கோப்புகளை அழிக்கவோ மாற்றவோ கூடிய ஸ்கிரிப்ட் எதுவாயினும், செய்யப்போவதைச் சொல்லிவிட்டு எதையும் செய்யாமல் முடியும் ஒரு தெரிவு அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆர்சிங்கைப் பின்பற்றி அதற்கு ‘என்’ என்ற எழுத்தையே வழங்குகிறோம். ஷெல்லுக்குரிய தெரிவுகளில் ‘செட் -யூ’ (set -u; மேலே கண்ட sed வேறு) எனக்கு இன்றியமையாதது: மதிப்பிடப்படாத மாறியை வெறுமையாக விரித்து அழிக்கும் கட்டளையிடம் கொடுப்பதற்குப் பதிலாக, ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கட்டளை வரியில் தென்படாத தெரிவு ஒன்றும் உண்டு. அது லொகேல், அதாவது மொழி, எழுத்துக் குறியீட்டு முறை, அகரவரிசை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அமைப்பு. ‘தமிழ்’ என்ற சொல்லை வரிமுடிவு இல்லாமல், எண்ணிக்கை எடுக்கும் டபிள்யூசி கட்டளைக்குக் கொடுத்து, ‘சி’ என்ற தெரிவால் பைட்டுகளை எண்ணினால் 15 வரும், ஏனெனில் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. ‘எம்’ என்ற தெரிவால் எண்ணினால் 5 வரும். இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. நாம் எண்ணும் மூன்று எழுத்துகள் வேண்டுமாயின் அந்தக் குறிகளை முதலில் நீக்கிவிட்டு எண்ண வேண்டும். ஆனால் லொகேல் ‘சி’ என்று (இது மேற்சொன்ன தெரிவல்ல, மொழி எதையும் சாராத இயல்பு லொகேலின் பெயர்) இருந்தால் ‘எம்’ தெரிவும் 15 என்றே சொல்லும். வரிசைப்படுத்தும் சோர்ட் கட்டளையும் அந்த லொகேலில் வெறும் பைட்டு வரிசையையே பின்பற்றும். யூனிகோடில் னகரம் பகரத்துக்கு முன்னால் இருப்பதால், நூலின் சொல்லடைவில் ‘கனி’ ‘கப்பல்’ என்பதற்கு முன்னே வந்து நிற்கும்.

டேர்மினலில் சரியாக ஓடிய ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரான் வழியாக இரவில் ஓடும்போது வேறு எண்களைத் தருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது. கிரான் நமது உள்நுழைவுக் கோப்புகளை வாசிப்பதில்லை. லொகேல் அமைக்கப்படாமலே ஸ்கிரிப்ட் தொடங்கக்கூடும். எனவே லொகேல் மாறியை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே வெளிப்படையாக எழுதி, ஸ்கிரிப்ட் தொடங்கும் நிரல்களுக்கும் கிடைக்குமாறு ஏற்றுமதி (export) செய்கிறோம். எண்ணிக்கைக்கு, லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியன் வழங்கும் ‘சி.யூடிஎஃப்-8’ போதும். சொல்லடைவுக்கு, குனு சி நூலகத்தில் இலங்கைத் தமிழுக்கென உள்ள லொகேலை முதலில் நிறுவி, ழகரமும் ளகரமும் றகரமும் னகரமும் வரும் சில சொற்களைக் கொடுத்து வரிசையைக் கண்ணால் சரிபார்த்த பின்னரே முழுப் பட்டியலையும் ஒப்படைக்க வேண்டும்.