மாலை நான்கு மணிக்கு நின்றுபோன மின்னஞ்சல்

2014-ஆம் ஆண்டு மாங்காய்ப் பருவத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாங்கூழ் ஆலைகளுக்குக் காய் வாங்கித் தரும் ஒரு நிறுவனத்தின் ஓசூர் அலுவலகத்தில் நான் கணினிப் பராமரிப்புப் பணியில் இருந்தேன். போச்சம்பள்ளி வட்டத்தில், ஓர் எடைமேடையை ஒட்டிய இரண்டு அறைகளில் எங்கள் கொள்முதல் அலுவலகம் இயங்கியது. பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் சிறு வண்டிகளும் நாள் முழுவதும் அங்கே எடைபோட்டு இறக்கிச் செல்லும். மாலையில் அந்த எடைச்சீட்டுகளை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஓசூருக்கு அனுப்பினால்தான் விவசாயிகளின் வங்கிக் கணக்குக்குப் பணம் போகும். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் பரிமாற்றம் 24 மணி நேரமும் நடக்கும் வசதி 2019 டிசம்பரில்தான் வந்தது. அன்றைக்கு அது வார நாள்களில் மாலை 7 மணியோடும், சனிக்கிழமைகளில் மதியம் 1 மணியோடும் முடிந்துவிடும். சீட்டு வந்து சேரத் தாமதமானால், காய் கொடுத்தவர் பணத்துக்கு இன்னொரு நாள் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமையாக இருந்தால் திங்கள் வரை காத்திருக்க வேண்டும்.

ஜூன் முதல் வாரத்திலிருந்தே, தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் மிகவும் மெதுவாக இருக்கிறது, அனுப்பிய அஞ்சல் போகாமல் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று அங்கிருந்து தொலைபேசி வந்துகொண்டிருந்தது. நான் ஓசூரிலிருந்தபடியே அந்தக் கணினிக்குள் நுழைந்து பார்த்தேன். உள்பெட்டிக் கோப்பு அளவுக்கு மீறிப் பெருத்திருந்தது. தண்டர்பேர்டில் ஓர் அஞ்சலை அழித்தாலும், கோப்புறையைச் சுருக்கும் கட்டளையைக் கொடுக்கும் வரை அது கோப்புக்குள்ளேயே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். சுருக்கினேன், மென்பொருள் திறக்கும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருள் அஞ்சல் கோப்புகளைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதையும் நிறுத்தினேன். இணைய வேகத்தை அளந்தபோது, வாங்கியிருந்த விநாடிக்கு 2 மெகாபிட் அப்படியே வந்தது. சரியாகிவிட்டது என்று மனப்பூர்வமாக நம்பி, பதிவேட்டில் முடிந்தது என்று எழுதினேன்.

மறுநாள் மாலை மீண்டும் அழைப்பு வந்தது. இப்படியே மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறை, அங்கே கணக்குப் பார்த்துவந்த அக்கா, கோபமில்லாமல், ஆனால் களைத்துப்போன குரலில், "தம்பி, நீங்க பார்க்கும்போது நல்லாத்தான் இருக்குது, நீங்க போனை வெச்சதுக்கு அப்புறம்தான் நிக்குது" என்றார். புகார் தருபவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான் இது என்று அன்று கடந்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் முழு விவரமும் இருந்தது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. ஒவ்வொரு முறையும் கணினிக்குள் நுழையும் முன்பு, "கொஞ்ச நேரம் வேலையை நிறுத்துங்கள், அஞ்சல் எதுவும் அனுப்ப வேண்டாம்" என்று நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தடையை உண்டாக்கும் செயலை நிறுத்தி வைத்துவிட்டு, தடை எங்கே என்று தேடியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் கிருஷ்ணகிரியில் பேருந்து மாறி, காவேரிப்பட்டணம் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தேன். எதையும் தொடாமல், அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். என் மடிக்கணினியிலிருந்து அஞ்சல் வழங்கிக்கு (சர்வருக்கு) இடைவிடாமல் பிங், அதாவது பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் சிறு சோதனைச் செய்தி, போய்க்கொண்டிருந்தது. மூன்றரை மணி வரை 40 மில்லி விநாடிக்கு அருகிலேயே பதில் வந்தது. நான்கு மணிக்கு அக்கா அன்றைய முதல் கட்டுச் சீட்டுகளை இணைத்து அனுப்பும் பொத்தானை அழுத்தினார். சற்று நேரத்தில் பதில் வரும் காலம் 300, 900 என்று ஏறி 2,000 மில்லி விநாடியைத் தாண்டியது. பக்கத்து அறையில் மேலாளர், தமக்கு ஒரு வரி அஞ்சல்கூடத் திறக்கவில்லை என்று குரல் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கணக்கு எளிதாகவே விளங்கியது. தொலைபேசிக் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் இணைப்பில் இறங்கும் பாதை அகலம், ஏறும் பாதை குறுகல்; எங்களுக்கு ஏறுவதற்குக் கிடைத்தது விநாடிக்கு 512 கிலோபிட். அக்கா அனுப்பிய அஞ்சலில் இருந்த இணைப்புகள் 9 மெகாபைட். அஞ்சலில் போகும் இணைப்பு எழுத்துக் குறிகளாக மாற்றப்படுவதால் மூன்று பைட் நான்காகும். ஆகவே 9 என்பது 12 ஆனது. ஒரு பைட் என்பது எட்டு பிட் என்பதால், அந்தப் பாதையில் அது ஏற மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டும். அத்தோடும் முடியவில்லை. அஞ்சல்களை வழங்கியிலேயே வைத்திருக்கும் ஐமேப் முறையில் அமைத்த கணக்கு என்பதால், அஞ்சலை அனுப்பி முடித்ததும், அனுப்பியவை கோப்புறையில் வைப்பதற்காக அதே 12 மெகாபைட்டைத் தண்டர்பேர்ட் இன்னொரு முறை வழங்கிக்கு ஏற்றியது. ஒரே அஞ்சல் இரண்டு முறை மலையேறியது. அந்த நேரத்தில் வேறு யார் எதைப் பதிவிறக்கினாலும், வந்து சேர்ந்ததற்கான சிறிய ஒப்புகைகள் மோடத்தின் வரிசையில் அந்தப் பெருஞ்சுமைக்குப் பின்னால் நின்றன. ஒப்புகை போகாததால் எதிர்முனை அடுத்ததை அனுப்பாமல் காத்திருந்தது. அகலமான இறங்குபாதை காலியாகக் கிடக்க, அலுவலகம் முழுவதும் ஸ்தம்பித்தது. மோடங்களில் இப்படி வரிசை நீண்டுவிடும் நிலைக்கு பஃபர்புளோட் என்று பெயரிட்டு, ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2011 வாக்கில் விரிவாக எழுதியிருந்தார். அதை நான் முன்பே படித்திருந்தும், இந்த இடத்தில் பொருத்திப் பார்க்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்றையும் அன்றுதான் உணர்ந்தேன். தொலைவிலிருந்து நான் அந்தக் கணினியின் திரையைப் பார்த்தபோது, அந்தத் திரைக்காட்சியும் அதே குறுகிய ஏறுபாதையில்தான் எனக்கு வந்துகொண்டிருந்தது. சுட்டி தாமதமாக நகர்ந்ததைக் கண்டு, கணினி பழையது, நினைவகம் போதவில்லை என்று மேலாளரிடம் சொல்லியிருந்தேன். புதிய கணினிக்கு விலைப்புள்ளிகூடக் கேட்டுவிட்டார்கள். அதை அன்று மாலையே நிறுத்தச் சொன்னேன்.

ஸ்கேனர் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வண்ணத்தில் அமைக்கப்பட்டிருந்தது. அந்த அளவில் ஒரு ஏ4 தாள் ஏறத்தாழ மூன்றரைக் கோடி புள்ளிகள்; 200 டிபிஐயில் ஒன்பதில் ஒரு பங்கு போதும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, ஒரு கட்டுச் சீட்டுகளை ஒரே பிடிஎஃப் ஆக்கினோம். அனுப்பியவற்றின் நகலை அந்தக் கணினியிலேயே சேமிக்கும்படி மாற்றினேன். அந்தக் கணினி பழுதானால் நகலும் போய்விடும் என்ற ஆபத்து இதில் உண்டு என்பதை விளக்கி, சனிக்கிழமைதோறும் பென் டிரைவில் பிரதி எடுக்கும் பொறுப்பை அக்காவிடம் ஒப்படைத்தேன். ரௌட்டரில் ஏறும் வேகத்துக்கு 400 கிலோபிட் என்று வரம்பு வைத்தேன். வேகத்தைக் குறைத்தால் எப்படி வேகமாகும் என்று மேலாளர் கேட்டது நியாயமான கேள்வி. மோடத்தின் வரிசை நிரம்பாமல் பார்த்துக்கொண்டால் சிறிய ஒப்புகைகள் காத்திருக்காமல் போய்விடும் என்பதை, சொல்லிப் புரியவைப்பதைவிட, ஓடிக்கொண்டிருந்த பிங் எண்களைக் காட்டியே புரியவைத்தேன்.

அடுத்த வாரம் அக்கா அழைத்தார். அஞ்சல் உடனுக்குடன் போகிறது, ஆனால் இளஞ்சிவப்புக் கார்பன் நகலில் எடை எண்கள் மங்கிப்போய், 3 எது, 8 எது என்று ஓசூரில் தடுமாறுகிறார்கள் என்றார். வேகத்தை மட்டுமே கண்ணில் வைத்து நான் அமைத்த கறுப்பு வெள்ளை, ஒரு விவசாயியின் எடையையே மாற்றிவிடக்கூடியதாக இருந்தது. உடனே அந்த நகல்களுக்கு மட்டும் சாம்பல் நிற முறையை வைக்கச் சொன்னேன். கோப்பின் அளவு கொஞ்சம் கூடியது. அக்கா அன்று ஒவ்வொரு சீட்டையும் திரையில் பெரிதாக்கி எண்களைச் சரிபார்த்த பிறகே அனுப்பினார். அப்படியும் ஐந்தரை மணிக்குள் கடைசிக் கட்டு ஓசூருக்கு வந்து சேர்ந்துவிட்டது.