ஈராசிரியர் பள்ளியில் ஆண்டு முடிவு: கூத்து, டி.சி., புதுச் சேர்க்கை

திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு பக்கம் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் சேர்த்து நாற்பதுக்கும் குறைவான பிள்ளைகள். ஆசிரியர்கள் நானும் இன்னொருவரும்தான். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு. பாடம் நடத்துவதும், எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் இணையதளப் பதிவுகளும், ஆண்டு விழாவும், டி.சி. என்ற மாற்றுச் சான்றிதழ் எழுதுவதும், புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் இந்த இரண்டு பேர் வேலைதான். 2024-25 கல்வியாண்டின் கடைசி மாதங்களை எப்படிக் கடந்தோம் என்று எழுதி வைத்தால், இதே நிலையில் இருக்கும் பள்ளிகளுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

பொங்கல் முடிந்ததும் எங்கள் ஊரில் வீடுகள் பூட்டத் தொடங்கும். சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போகும், சில பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும். மே, ஜூன் வாக்கில்தான் திரும்புவார்கள். பிள்ளையையும் கூடவே கூட்டிக்கொண்டு போனால் மூன்றாம் பருவம் அந்தப் பிள்ளைக்கு இல்லாமலே போய்விடும். அதனால் ஜனவரியிலேயே வீடு வீடாகப் போய், "ஆயா கிட்ட விட்டுட்டுப் போங்கம்மா, காலையில சாப்பாடும் பள்ளியிலேயே இருக்கு" என்று பேசுகிறோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு இந்தப் பேச்சுக்கு ஒரு பலம் கிடைத்திருக்கிறது. எழுபது வயது ஆயாவுக்குக் காலையில் எழுந்து பேரப்பிள்ளைக்குச் சமைத்து அனுப்பும் பாரம் இல்லை. பொங்கலோ கிச்சடியோ சூடாகக் கிடைக்கிறது, மதியம் சத்துணவு, ராத்திரி மட்டும் அவர் பார்த்துக்கொண்டால் போதும். இப்படி இந்த ஆண்டு சில பிள்ளைகள் ஊரிலேயே தங்கினார்கள். அவர்களை வைத்துத்தான் ஆண்டு விழாவையே திட்டமிட்டோம்.

பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி முதலில் பேசியது செலவைப் பற்றி. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு ஒரு தொகை தருகிறது. சின்னப் பள்ளிக்குச் சின்னத் தொகை. மைக்செட்டும் சாமியானாவும் போட்டாலே பெரும்பகுதி போய்விடும். டவுனில் இருந்து வாடகைக்கு டிரெஸ் எடுத்து, சினிமாப் பாட்டுக்கு ஆட வைப்பதுதான் சுற்றுவட்டாரத்தில் வழக்கம். ஒரு பிள்ளைக்கு டிரெஸ் வாடகை, மேக்கப் என்று கேட்டால் தினக்கூலி வீட்டில் அது ஒரு நாள் சம்பளத்துக்கு மேல். கொடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளை மேடையில் ஆடும், முடியாத வீட்டுப் பிள்ளை கீழே உட்கார்ந்து பார்க்கும். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஒரு பிள்ளைகூட விடுபடாமல் எல்லோரும் மேடை ஏற வேண்டும், எந்த வீட்டிலும் டிரெஸ்ஸுக்குப் பணம் கேட்கக் கூடாது என்று குழுவில் முடிவெடுத்தோம்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? குழுத் தலைவியாக இருக்கும் அக்காதான் வழி சொன்னார்: "நம்ம வாத்தியாரையே கேளுங்க டீச்சர்." எங்கள் பக்கம் வாத்தியார் என்றால் கூத்து வாத்தியாரையும் குறிக்கும். திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி, சித்திரை என்று பாரதக் கூத்து நடக்கும் ஊர்கள் இவை. எங்கள் ஊரிலேயே ஜமா (கூத்துக் குழு) வைத்து நடத்திய பெரியவர் ஒருவர் இருக்கிறார். கேட்டதும் அவர் சொன்ன ஒரே நிபந்தனை, கூத்துச் சீசன் தொடங்கும் முன்னே விழாவை முடித்துவிட வேண்டும் என்பது. அதனால் மார்ச் நடுவில் நாள் குறித்தோம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வீடு வந்து குளித்து வர நேரம் வேண்டும் என்பதால் மாலை ஆறு மணி என்று வைத்தோம். காலையில் விழா வைத்தால் அதிகாரிகள் வருவார்கள், அம்மாக்கள் வரமாட்டார்கள்.

கதை, சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய முயலின் கதைதான். எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் பிள்ளைகள் வசனத்தைத் தாங்களே பேசிப் பேசி உண்டாக்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி வகுப்பு நேரம்தான் ஒத்திகை. வாத்தியார் முதலில் யாருக்கும் வேஷம் கொடுக்கவில்லை. எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து அடவு (ஆட்ட அடிகள்) போடச் சொன்னார். ஆர்மோனியத்தில் ஒரு சுதி பிடித்துக்கொண்டு, "குரல் தொப்புள்ள இருந்து வரணும்டா" என்று ஒவ்வொருவரையும் தன் பேர், அப்பா பேர், ஊர்ப் பேர் உரக்கச் சொல்ல வைத்தார். நான்காம் வகுப்பில் ஒரு பையன், வகுப்பில் எழுந்து நின்றால் குரலே எழும்பாது. அவனைக் கட்டியக்காரன் ஆக்கினார். கட்டியக்காரன்தான் முதலில் வந்து சபைக்கு வணக்கம் சொல்லி, கதையை நகர்த்தி, ராஜாவையே கேள்வி கேட்கிற ஆள். எனக்குள் ஒரு பயம் இருந்தது. வாத்தியார், "பேசாத புள்ளைக்கு உள்ள நிறைய பேச்சு கெடக்கும் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு அவனோடு தனியாக உட்கார்ந்துகொள்வார். இரண்டாவது வாரத்தில் அந்தப் பையன் வகுப்பில் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தான்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் காட்டு விலங்குகள். கிரீடமும் தோளில் கட்டும் புஜமும் பெரியவர்கள் கூத்தில் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்வார்கள். நாங்கள் புத்தகம் வந்த அட்டைப்பெட்டிகளை வெட்டிச் செய்தோம், ஜிகினாத் தாளை வாத்தியார் கொண்டு வந்தார். மான், நரி, யானை எல்லாம் வீட்டுச் சேலையும் துண்டும்தான். திரை பிடிக்க இரண்டு பேர், தாளம் போட இரண்டு பேர், பின்பாட்டுக்கு மூன்றாம் வகுப்பு முழுவதும். சிங்க ராஜா திரைக்குப் பின்னால் இருந்து தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு வரும் வேஷம் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. இந்தப் பெண்ணைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விழா அன்று பள்ளித் திண்ணைதான் மேடை. ஊர்ப் பெண்கள் மேளத்தோடு தட்டு எடுத்து வந்து கல்விச் சீர் கொடுத்தார்கள்: மின்விசிறிகள், ஒரு சுவர்க் கடிகாரம், குடிநீருக்கு ஒரு எவர்சில்வர் டிரம், நோட்டுகள், பென்சில்கள். வெல்லமும் பழமும்கூட ஒரு தட்டில் இருந்தது. ஆண்டறிக்கையை நான் படிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பகுதியாகப் படித்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த ஒரு காரியத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் சொல்வேன். மேசை மேல் நூலகப் புத்தகங்களையும் அன்றைய செய்தித்தாளையும் வைத்துவிட்டு, கூட்டத்தில் இருந்து யார் வேண்டுமானாலும் வந்து ஒரு பக்கத்தைப் பிரித்து எந்தப் பிள்ளையிடமும் கொடுக்கலாம் என்று மைக்கில் சொன்னோம். முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஓர் ஆயா வந்து, தன் பேத்தியிடமே செய்தித்தாளை நீட்டினார். மூன்றாம் வகுப்புப் பெண், தடுக்கித் தடுக்கி என்றாலும் ஒரு பத்தியை முடித்தாள். அதன் பிறகு ஆட்கள் வரிசையில் வந்தார்கள். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினோம். அதில் பதிவுகள் அதிகம், ஆசிரியர்களுக்குச் சுமைதான். அதைப் பலமுறை கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் தொடக்க நிலையான அரும்பில் இருந்த பிள்ளைகள் இன்று ஊரார் முன் படிக்கிறார்கள் என்பதை அந்த மாலையில் கண்ணால் பார்த்தோம். எத்தனை மதிப்பெண் அட்டை கொடுத்தாலும் எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அது ஒரு காகிதம். பிள்ளையின் வாயில் இருந்து வரும் வாசிப்பை அவர்களால் அளக்க முடிகிறது.

மாணவர் சேர்க்கைக்கும் அதுதான் கைகொடுத்தது. மார்ச் 1ஆம் தேதியே சேர்க்கை தொடங்கிவிட்டது. அங்கன்வாடிப் பணியாளரிடம் ஐந்து வயது முடியும் பிள்ளைகளின் பட்டியல் வாங்கிக்கொண்டு முன்பே வீடுகளுக்குப் போயிருந்தோம். "யோசிச்சுச் சொல்றோம் மிஸ்" என்று சொன்ன சில வீடுகள், விழாவுக்கு அடுத்த நாள்களில் தாங்களாகவே பிறப்புச் சான்றும் ஆதாரும் எடுத்துக்கொண்டு வந்தன. சாதிச் சான்று இல்லை, ஆதார் இன்னும் வரவில்லை என்று தயங்கிய பெற்றோரும் உண்டு. வயதுக்கான சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே சொல்கிறது. முதலில் சேருங்கள், காகிதங்களைப் பிறகு வாங்கலாம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டோம்.

தேர்வைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெயில் கடுமையாக இருந்ததால் 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு ஏப்ரல் 7இல் தொடங்கி 17க்குள் முடித்துவிட்டார்கள். காலையிலேயே எழுதி முடித்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.

என்னைப் பொறுத்தவரை ஆண்டு முடிவில் மிகப் பெரிய வேலை ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளைக் கைமாற்றி விடுவதுதான். எங்கள் பள்ளியோடு அவர்களுக்கு எல்லாம் முடிகிறது. நடுநிலைப் பள்ளி பக்கத்து ஊரில். டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று காகிதம் சொல்லும். ஆனால் பிள்ளைகள் காணாமல் போவது இந்த இடைவெளியில்தான், அதிலும் பெண் பிள்ளைகள்.

முதலில் டி.சி. எழுதும் முன் பெற்றோரை வரவழைத்து, பெயர், தமிழில் முன்னெழுத்து, பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாவற்றையும் பிறப்புச் சான்றோடும் ஆதாரோடும் வைத்து அவர்கள் முன்னாலேயே சத்தமாகப் படித்துக் காட்டினோம். இங்கே ஓர் எழுத்து மாறினால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரைக்கும் அது தொடரும், திருத்துவதற்குக் கூலி வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டும். அப்புறம் ஏப்ரலிலேயே ஒரு நாள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் அம்மாக்களையும் சேர்த்து அந்த நடுநிலைப் பள்ளிக்கு அழைத்துப் போனோம். அங்கே இருக்கும் தலைமையாசிரியர் பிள்ளைகளை வகுப்பறையில் உட்கார வைத்துப் பேசினார். எந்த பஸ், எத்தனை மணிக்கு, மதியம் சாப்பாடு எங்கே, கழிவறை எப்படி இருக்கிறது என்று அம்மாக்கள் கேட்டார்கள். கழிவறையை உள்ளே போய்ப் பார்த்தார்கள். பெண் பிள்ளையைப் பக்கத்து ஊருக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

எமிஸில் டி.சி. போட்டதும் பிள்ளையின் பெயர் காமன் பூலுக்குப் போகும். புதிய பள்ளி அந்த எமிஸ் எண்ணைப் போட்டுத் தன் பக்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் எடுக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை இன்னும் எங்கும் சேரவில்லை என்று அர்த்தம். ஜூன் 2இல் பள்ளிகள் திறந்ததும் நான் தினமும் பார்த்தது இதைத்தான். ஒவ்வொரு பெயராக நடுநிலைப் பள்ளிக்கு மாறியது. ஒரு பெயர் மட்டும் மாறவில்லை. சிங்க ராஜா வேஷம் கட்டிய பெண்.

வீட்டுக்குப் போனோம். அப்பா பெங்களூரில். அம்மா மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார். இரண்டு வயது முடிந்த தம்பி இருக்கிறான், அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்த அம்மாவின் மேல் கோபப்பட எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. வேலைக்குப் போகவில்லை என்றால் அடுப்பு எரியாது. அங்கன்வாடியில் பையனைச் சேர்க்கலாமே என்றபோது, "அவன் அழுவான் டீச்சர், திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். அங்கன்வாடிப் பணியாளரையே கூட்டிக்கொண்டு மறுபடி போனோம். முதல் வாரம் அங்கன்வாடி ஆயா அவன் கூடவே உட்கார்ந்திருக்கட்டும் என்று அவர் ஒத்துக்கொண்டார். மாலையில் அங்கன்வாடி முடிவதற்கும் அம்மா வேலையில் இருந்து வருவதற்கும் இடையில் ஒரு மணி நேரம் இடித்தது. மேலாண்மைக் குழுத் தலைவி அக்கா, "எங்க வீட்டுத் திண்ணையில விடு, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதும் அதுவும் தீர்ந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்து படித்தால் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்பதையும் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அது ஏழெட்டு வருடம் தள்ளி இருக்கிற விஷயம். அவரை அசைத்தது விழா அன்று தன் மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றதுதான். "அன்னிக்கு ஊரே அவளப் பாத்துச்சு இல்ல" என்று அவரே சொன்னார்.

ஜூன் கடைசி வாரத்தில் அந்தப் பெயரும் காமன் பூலில் இருந்து போய்விட்டது. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரே போன் செய்து சொன்னார். இப்போது போக்குவரத்துப் படிக்கான பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்க வேண்டும், அதற்கான தூரச் சான்றை வட்டார வள மையத்தில் கொடுத்திருக்கிறோம். கூத்து வாத்தியாரிடமும் பேசியாகிவிட்டது. அடுத்த ஆண்டு விழாவுக்கான ஒத்திகையைக் கார்த்திகையிலேயே தொடங்கலாம் என்கிறார், முன்னாள் பிள்ளைகளும் வரட்டும் என்று சொல்லியிருக்கிறார். கட்டியக்காரன் இந்த முறை ஐந்தாம் வகுப்பில் இருப்பான். அவனுடைய டி.சி.க்கு ஆதாரில் முன்னெழுத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்த வேலையை இப்போதே ஆரம்பித்துவிட்டோம்.